அள்ளிக் கொடுத்த பிறகு

ஏலச்சாரல் பல்கலைக்கழகத்தின் ‘அள்ளிக் கொடு’ நன்கொடை இயக்கம் இலக்கைத் தாண்டி வெற்றி பெற்றுவிட்டது என்று துணைவேந்தர் மேடையில் அறிவித்த மறுநாள் காலையில், ஜீப்பு டிரைவர் மகாராஜன் பஸ்சைப் பார்க்கப் போனான்.

பஸ் வந்திருக்கும் என்றுதான் அவன் நினைத்தான். பணம் கேட்டார்கள், பணம் சேர்ந்துவிட்டது, வாணவேடிக்கைகூட விட்டார்கள். போடி ஜீப்பு ஸ்டாண்டில் ஒருவன் வண்டி வாங்கினால் காசைக் கட்டிய கையோடு சாவியை வாங்கி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மறுநாள் லோடு ஏற்றிவிடுவான். பல்கலைக்கழகம் படித்தவர்கள் இருக்கிற இடம். இன்னும் வெரசாக நடக்கும்.

மகாராஜன் ஓர் இடத்தில் உட்கார முடியாத ஆள். சாப்பிடும்போதுகூட ஒரு முழங்காலை ஆட்டிக்கொண்டேதான் சாப்பிடுவான். விடிகிற நேரத்தில் குரங்கணியில் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கி, முந்தலில் திரும்பி, போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது அவன் சோலி. நின்றால் நஷ்டம் என்பது அவனுக்கு உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

அந்த அவசரத்தில்தான் அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். இயக்கம் நடந்துகொண்டிருந்த சமயம், பல்கலைக்கழகத்தின் இயக்குநர் முனைவர் பிரதீப் ஒருநாள் காலையில் ஜீப்பை மறித்து, உள்ளே இருந்த பெண்களிடம் பேசினார். மெயின் ரோட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிற பாதை மாந்தோப்பும் கரடுமாகக் கிடக்கும். மலைக்கிராமத்துப் பிள்ளைகள் சாயங்கால வகுப்பு முடிந்து அந்தப் பாதையில்தான் நடந்து வரவேண்டும். இருட்டுகிற நேரத்தில் காட்டுமாடு தண்ணீர் குடிக்க இறங்கும். “ஒரு நாள் கூலியைக் கொடுங்கள். உங்கள் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் பஸ் கொடுக்கும்” என்றார் பிரதீப்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோலையம்மாள் அந்த ஜீப்பின் மூத்த ஆள். அவள் மகள் தேவி அங்கேதான் படித்தாள். சோலையம்மாளே தயங்கினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மேட்டில் பனி விலகிவிட்டால் மேஸ்திரி கத்துவான். பொறுக்க முடியாமல் மகாராஜன் திரும்பி, “கொடுங்கக்கா. பஸ்சு வரும். நானாச்சு” என்றான்.

அந்த ‘நானாச்சு’வை நம்பித்தான் அவர்கள் கொடுத்தார்கள்.

இயக்குநரின் அறை வாசலில் ‘நன்கொடை, நன்றி மற்றும் திட்டமிடல் இயக்ககம்’ என்று புதுப் பலகை மாட்டியிருந்தது.

“சார், பஸ்சு எங்க நிக்கிது?” என்று கேட்டான் மகாராஜன்.

“எந்த பஸ்?”

“நீங்க சொன்னீகளே சார். பொம்பளைப் பிள்ளைகளுக்கு.”

பிரதீப் பொறுமையாகச் சிரித்தார். “மகாராஜன், கொடுக்கும் கட்டம் நேற்றோடு முடிந்தது. இன்றிலிருந்து நன்றி கூறும் கட்டம். அதற்குப் பிறகு திட்டமிடும் கட்டம். நீங்கள் கேட்பது செயல்படுத்தும் கட்டம். அது எப்போது என்பதைத் திட்டமிடும் கட்டத்தில்தான் திட்டமிடுவோம்.”

“அப்ப பணம்?”

“அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பத்திரமாக இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகம் தொடங்கிய நாளிலிருந்து நன்கொடைப் பணத்தை எந்த நல்ல காரியத்துக்கும் வீணாக்கியதில்லை.”

மகாராஜனுக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. படியிறங்கி ஜீப்பை எடுத்த பிறகுதான் ஏதோ உறுத்தியது. அதற்குள் முந்தல் வந்துவிட்டது.

நன்றி கூறும் கட்டம் பெரிதாக நடந்தது. கொடுத்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நன்றியை வாங்க வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. பெண்கள் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு மகாராஜனின் ஜீப்பிலேயே வந்தார்கள். துணைவேந்தர் பேசினார்.

“கொடுத்தவர்களை இந்தப் பல்கலைக்கழகம் ஒருநாளும் மறக்காது. கொடுக்காதவர்களையும் மறக்காது. அவர்கள் முகவரி எங்களிடம் இருக்கிறது. நீங்கள் கொடுத்தது எதற்காக என்று சிலர் கேட்கிறார்கள். கொடுப்பதற்குக் காரணம் தேடுவது கொடையைக் கொச்சைப்படுத்துவதாகும். கொடுத்த கையை மறந்துவிடுங்கள். வாங்கிய கையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மகாராஜனுக்குச் சால்வை போர்த்தினார்கள். பிறகு எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ‘நன்றி வளைவை’த் திறந்துவைத்தார்கள்.

அது கருங்கல் வளைவு. ஆந்திராவிலிருந்து கல் வந்திருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் தூண், மேலே வளைவு, உடம்பெல்லாம் பெயர். கொடுத்த தொகைக்குத் தக்கபடி எழுத்தின் அளவு. தோட்ட முதலாளிகளின் பெயர்கள் மேலே, போடிமெட்டிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும் என்கிற அளவில். ஏலக்காய் வியாபாரிகள் அதற்குக் கீழே. அதற்குக் கீழே டாக்டர்கள், கான்ட்ராக்டர்கள். பெயர்கள் அதிகமானதால் வளைவை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று என்று பிரதீப் பெருமையோடு சொன்னார்.

சோலையம்மாள் தூணைச் சுற்றி வந்தாள். “எங்க பேரு எங்கடீ இருக்கு?” என்று மகளைக் கேட்டாள்.

தேவி குனிந்து, சாக்கடை ஓரமாக இருந்த கடைசிக் கல்லைப் பார்த்தாள். “ ‘மற்றும் பலர்’னு போட்டிருக்கும்மா.”

“இதுல நான் மற்றுமா, பலரா?”

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். சோலையம்மாள் சிரிக்கவில்லை. மகாராஜனிடம் வந்து, “பேரு கெடக்குது அப்பு. பஸ்சு எங்க?” என்றாள்.

“நன்றி முடிஞ்சிருச்சுல்லக்கா. இனி திட்டந்தான். திட்டம் முடிஞ்சா பஸ்சு.”

“நீயாச்சு” என்றாள் அவள்.

திட்டமிடும் கட்டத்துக்கு ஒரு குழு போட்டார்கள். அதில் ஏழைகள் சார்பில் ஒருவர் இருந்தால் அறிக்கைக்கு நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்ல, மகாராஜனை ‘அடித்தளக் கொடையாளர் பிரதிநிதி’ ஆக்கினார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். வீட்டில் மனைவி வீரலட்சுமி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “சம்பளம் உண்டா?” என்றாள். இல்லை என்றான். “அப்ப எதுக்குக் கழுத்துல?” என்றாள். பஸ்சுக்காக என்று சொன்னான். அவள் அட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

முதல் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருந்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒட்டுகிற மஞ்சள் தாள்களைக் கொடுத்தார்.

“எல்லோரும் கண்ணை மூடுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து இந்தப் பல்கலைக்கழகம் எப்படி இருக்கும் என்று கனவு காணுங்கள். உங்கள் மனதில் தோன்றும் முதல் சொல்லை எழுதுங்கள்.”

பேராசிரியர்கள் கண்ணை மூடினார்கள். சிலர் திறக்கவே இல்லை. மகாராஜனுக்குப் பகலில் கண்ணை மூடிப் பழக்கமில்லை. மலை டிரைவர் கண்ணை மூடுவது ஒரு தடவைதான். அவன் ‘பஸ்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு எழுந்து நின்றுகொண்டான். லோடு ஏற்ற நேரமாகிக்கொண்டிருந்தது.

ஆலோசகர் அந்தத் தாளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். “அருமை. மிக ஆழமான சொல். ஐயா, இந்த பஸ் எதைக் குறிக்கிறது?”

“பஸ்சைத்தாங்க.”

“சரி. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது?”

“பின்னால டயரு ரெண்டு கூடுதலா இருக்கும்.”

ஆலோசகர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு அந்தத் தாளை எடுத்து ‘நகர்வு’ என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார். தேநீர் வருவதற்குள் அது ‘மாற்றம்’ என்ற தலைப்புக்குப் போய்விட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகாராஜன் தேடியபோது ‘உலகளாவிய பார்வை’ என்ற தலைப்பின் கீழ் கிடந்தது. அந்தத் தலைப்பை ஆராயத் துணைவேந்தரும் பிரதீப்பும் இன்னும் சிலரும் சுவிட்சர்லாந்து போய்வருவது என்று தீர்மானம் ஆயிற்று. அங்கேயும் மலை இருக்கிறதாம். மலையில் பஸ் ஓடுகிறதாம்.

போய்வந்தார்கள். அடுத்த கூட்டத்தில் மகாராஜனுக்கும் சாக்லேட் கொடுத்தார்கள். “அங்க பஸ்சு ஓடுதா சார்?” என்று கேட்டான். “நிமிஷம் தவறாமல் ஓடுகிறது. நாங்களே வியந்துபோனோம்” என்றார் பிரதீப். “இங்கே ஓடவேண்டுமானால் முதலில் நாம் அந்த மனநிலைக்கு வரவேண்டும்.”

மனநிலைக்கு வருவதற்கு முதல் படியாக பஸ் ஸ்டாப் கட்டினார்கள்.

பஸ் இல்லாமல் பஸ் ஸ்டாப் எதற்கு என்று மகாராஜன் கூட்டத்தில் கேட்டான். அவன் கேட்டது நல்ல கேள்வி என்று துணைவேந்தர் பாராட்டிவிட்டு விளக்கினார். “கட்டடம் நின்ற இடத்தில் நிற்கும். அதில் கொடையாளர் பெயரைப் போட்டால் பெயரும் நிற்கும். பஸ்ஸில் போட்டால் பெயர் தேவாரத்துக்கும் தேனிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் கொடையாளராவது தன் பெயர் ஓடிப்போவதை விரும்புவாரா? யோசித்துப் பாருங்கள்.”

மகாராஜன் யோசித்துப் பார்த்தான். அவன் ஜீப்பின் முன்னால் அவன் மகள் பெயர் எழுதியிருந்தது. அது தினமும் மலை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

பஸ் ஸ்டாப் குளிர்சாதன வசதியோடு எழும்பியது. கண்ணாடிக் கதவு, பளிங்குத் தரை, சுவரில் கொடையாளரின் குடும்பப் படம். ‘காத்திருப்பு மையம்’ என்று பெயர். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் அதைப் பூட்டிவிடுவார்கள். இருட்டிய பிறகு கண்ணாடிக்குப் பாதுகாப்பு இல்லை.

அடுத்து டிரைவரை நியமித்தார்கள். ஆளை எடுப்பதற்கான உத்தரவு பஸ் வாங்குவதற்கான உத்தரவுக்கு முன்னாலேயே கையெழுத்தாகிவிட்டதால், நிறுத்திவைக்க வழியில்லை. சுடலை என்று ஒரு பையன். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காக்கிச் சட்டை, தொப்பி, பெயர் பொறித்த பித்தளைப் பட்டை எல்லாம் கொடுத்து, காத்திருப்பு மையத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். காலையில் வந்து கையெழுத்துப் போடவேண்டும், சாயங்காலம் போடவேண்டும். நடுவில் பஸ் ஓட்டக்கூடாது. அதாவது, பஸ் இல்லை.

ஒருநாள் மகாராஜன் வாசலில் நின்றபோது சுடலை ஓடிவந்தான். “அண்ணே, ஒரு உதவி. வண்டிய அந்தத் தோப்பு வளைவு வரைக்கும் நான் ஓட்டிக்கிறட்டா?”

“ஏம்ப்பா?”

“கை மறந்துரும்போல இருக்குண்ணே. நேத்து வீட்டுல சாப்பிட உக்காந்தேன். காலு தன்னால கிளச்சை அமுக்குது. அவ பயந்துட்டா.”

மகாராஜன் இறங்கிக்கொண்டான். பையன் ஜீப்பை மாந்தோப்பு வளைவு வரை கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான். நன்றாகவே ஓட்டினான். இறங்கும்போது கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு மகாராஜன் அந்த வழியாக வரும்போதெல்லாம் அவனுக்கு ஒரு சுற்று கொடுத்துவிட்டுத்தான் போவான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் தேவியும் இன்னும் சில பெண்களும் அந்தப் பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். தோப்பு ஓரமாக நின்ற காட்டுமாடு ஒன்று செருமிக்கொண்டு திரும்பியது. அது யாரையும் முட்டவில்லை. பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள். தேவி பாலத்துக்குக் கீழே ஓடையில் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த நேரம்.

மறுநாள் காலை மகாராஜன் குரங்கணியில் ஜீப்பை நிறுத்தியபோது சோலையம்மாள் வந்தாள். திட்டப்போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் திட்டவில்லை.

“பரிச்சை எழுத முடியாதாம். போகட்டும். அடுத்த வருசம் எங்கூட மலைக்கு வந்து ஏலக்கா எடுக்கட்டும். கை சேந்திரும்ல” என்றாள். பிறகு பின்னால் நின்றிருந்த பால்ராஜின் ஜீப்பில் போய் ஏறினாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக அதிலேயே ஏறினார்கள். யாரும் மகாராஜனின் முகத்தைப் பார்க்கவில்லை.

காலி ஜீப்பை ஓட்டிக்கொண்டு அவன் இறங்கினான். ஆள் இல்லாத வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தகரமாகச் சத்தம் போட்டது. வழியில் எங்கேயும் நிறுத்தாமல் நேராக இயக்குநரின் அறைக்குப் போனான்.

“உங்கள் வேதனை புரிகிறது” என்றார் பிரதீப். “பல்கலைக்கழகம் சும்மா இருக்கவில்லை. ‘காட்டுமாட்டோடு கைகோத்து’ என்று கருத்தரங்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒவ்வொரு மாணவிக்கும் விசில் தரப்போகிறோம். விசிலில் கொடையாளர் பெயர் இருக்கும்.”

“விசில ஊதினா காட்டுமாடு போயிருமா சார்?”

“போகுமா என்பதை ஆராயத்தான் கருத்தரங்கு.”

அன்று சாயங்காலத்திலிருந்து மகாராஜன் வகுப்பு முடிகிற நேரத்துக்கு வாசலில் ஜீப்போடு நின்றான். மலைப் பிள்ளைகளை ஏற்றிக் குரங்கணி வரைக்கும் கொண்டுபோய் விட்டான். யாரிடமும் காசு வாங்கவில்லை. பகலில் கிடைத்த மூட்டை லோடில் டீசல் போட்டான். வீரலட்சுமி தோசைக்குச் சட்னி அரைப்பதை நிறுத்திக்கொண்டாள். முதல் நாள் காவலாளி வெளி வண்டிக்கு அனுமதி இல்லை என்று விரட்டினார். மூன்றாம் நாள் ஒரு புகைப்படக்காரர் வந்து, பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லி ஜீப்பைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த அறிக்கையில் அந்தப் படம் வந்தது. கீழே, ‘அள்ளிக் கொடு இயக்கத்தின் இடைக்காலச் சாதனை’ என்று போட்டிருந்தது.

அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டுதான் அவன் மறுபடி பிரதீப்பிடம் போனான். கழுத்து அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தான்.

“இது உங்க அட்டை. இது எம் வண்டி. உங்க சாதனையில எதுக்கு சார் எம் வண்டி நிக்கிது?”

“உங்கள் கோபத்தைப் பதிவு செய்துகொள்கிறேன்” என்றார் பிரதீப். ஆனால் சொன்னவர் இவனைப் பார்க்கவில்லை. அவருக்கு அன்றைக்கு வேறு கவலை. மேஜையில் ஒரு பெரிய புத்தகத்தின் அச்சுப்படி விரிந்து கிடந்தது. அட்டையில் ‘இன்னும் அள்ளிக் கொடு’ என்று தங்க எழுத்தில் மின்னியது. இரண்டாவது நன்கொடை இயக்கம்.

“முதல் இயக்கப் பணத்தை எப்படிச் செலவு செய்வது என்று திட்டமிடும் செலவுக்கு இந்தப் பணம் தேவைப்படுகிறது” என்று அவர் விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரு சின்னச் சிக்கல், மகாராஜன். ‘சென்ற முறை நீங்கள் கொடுத்ததில் நாங்கள் செய்தவை’ என்று இதில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். வளைவைப் போட்டோம். பஸ் ஸ்டாப்பைப் போட்டோம். சுவிட்சர்லாந்தைப் போடவேண்டாம் என்று துணைவேந்தர் சொல்கிறார். ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. அச்சகத்தில் கத்துகிறார்கள்.”

“ஒரு பஸ்சை வாங்கிப் படத்தப் பிடிச்சுப் போடுங்க” என்றான் மகாராஜன், எரிச்சலில்.

பிரதீப் அவனை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக உண்மையாகவே பார்த்தார்.

“பஸ்” என்றார். “ஏன் நமக்கு இது தோன்றவில்லை?”

தை பிறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

வந்த அன்றைக்கே கொடியசைப்பு விழா வைத்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு உள்ளே, நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் மேடை. நாதஸ்வரம், வாழைமரம், குத்துவிளக்கு. மாணவிகளைக் காலையிலிருந்து வெயிலில் ஆரத்தித் தட்டோடு நிறுத்தியிருந்தார்கள். சுடலை மதுரைக்குப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். புது வெள்ளை பஸ், நெற்றியில் மல்லிகைச் சரம். போடிக்குள் நுழைந்ததிலிருந்து ஆரன் அடித்துக்கொண்டே வந்தான். மதியம் கழிந்து வாசலுக்கு வந்தவன், வளைவுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டான்.

பஸ் உயரம். வளைவு தாழ்வு.

பொறியாளர் ஏணி வைத்து அளந்தார். இறங்கி வந்து மறுபடி அளந்தார். டயரில் காற்றை இறக்கிப் பார்த்தார்கள். அப்படியும் தலை இடித்தது. நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லை எந்தக் காலத்திலும் அகற்றுவதில்லை என்று பல்கலைக்கழகம் எழுத்தில் உறுதி கொடுத்திருந்தது. வேறு வாசல் கிடையாது. வேறு வாசலுக்கு இன்னும் கொடையாளர் அமையவில்லை.

அங்கேயே, வெயிலில், ‘வளைவு உயர ஆய்வுக் குழு’ அமைக்கப்பட்டது. குழு, காத்திருப்பு மையத்துக்குள் போய்க் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு கூடியது. பஸ்ஸின் கூரையை வெட்டலாமா என்று ஒருவர் கேட்டார். பஸ் இல்லாமலேயே பஸ்ஸை உள்ளே கொண்டுவந்ததாகக் கருதிக் கொடியசைக்க விதியில் இடம் இருக்கிறதா என்று இன்னொருவர் கேட்டார். மேடையில் துணைவேந்தர் கூட்டம் கலையாமல் இருக்கப் பேசத் தொடங்கிவிட்டார். ஒலிபெருக்கியில் அவர் குரல் வாசல் வரை வந்தது.

“இதோ உங்கள் கண்முன்னே நிற்கும் இந்தப் பேருந்து...”

கண்முன்னே யாருக்கும் எதுவும் நிற்கவில்லை. கை தட்டினார்கள்.

பொழுது சாய்ந்தது. மலையிலிருந்து பால்ராஜின் ஜீப்பு இறங்கி வந்து வாசலில் நின்றது. பஸ் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பெண்கள் தோட்டத்து அழுக்கோடு நேராக அங்கேயே வந்துவிட்டார்கள். ஆரத்தித் தட்டு பிடித்துக் கை ஓய்ந்த பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாக வாசலுக்கு வெளியே வந்து நின்றார்கள். தேவியும் வந்தாள். கட்டுப் பிரித்து, கை மெலிந்து போயிருந்தது. விழாவைப் பார்க்கத்தான் வந்தேன் என்று யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

மகாராஜன் பஸ்சைச் சுற்றி வந்துகொண்டே இருந்தான். டயரை உதைத்துப் பார்த்தான். காற்று இறக்கியதில் பாதி திரும்ப அடித்திருந்தார்கள், ஓடும். வளைவைப் பார்த்தான். கரட்டைப் பார்த்தான். தோப்புக்குள் இருட்டு சேர ஆரம்பித்திருந்தது. டிரைவர் சீட்டின் பக்கம் போய் நின்றான். சுடலை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான்.

“சாவி யார்கிட்ட இருக்கு?”

“எங்கிட்டதாண்ணே.”

“உள்ள போயி என்னா பண்ணப்போற?”

“கொடி அசைக்கணும்ல.”

“அசைச்ச பிறகு?”

“பிள்ளைகள ஏத்திட்டு இப்பிடியே வெளிய வந்து குரங்கணி போகணும்.”

சொல்லிவிட்டுச் சுடலை வெளியே பார்த்தான். பிள்ளைகள் வெளியே நின்றார்கள். பஸ்சும் வெளியே நின்றது. குரங்கணியும் வெளியேதான் இருந்தது.

“அண்ணே, கொடியசைக்காம எடுத்தா என்னைய...”

சோலையம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்தாள். அதில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு தடவை உதறினாள். பிறகு பஸ்ஸின் முன்னால் போய் நின்று, கையை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

“இந்தா, அசைச்சாச்சு. எடுய்யா வண்டிய.”

யாரோ ஒரு பிள்ளை கை தட்டியது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல யாராலும் முடியவில்லை. பிள்ளைகள் ஏறினார்கள், பெண்கள் ஏறினார்கள், ஆரத்தித் தட்டுகளும் ஏறின. தேவி தயங்கி நின்றாள். சோலையம்மாள் அவளை இடது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பால்ராஜ் தன் ஜீப்பை ஓரங்கட்டி வழிவிட்டான். சுடலை எஞ்சினைப் போட்டான். ரிவர்ஸ் கியர் விழ மறுத்தது. மறுபடி கிளச்சை மிதித்தான்.

“பதறாத. தெனம் ஓட்டுன தோப்பு வளைவுதான்” என்றான் மகாராஜன், படியில் ஏறிக்கொண்டே.

வண்டி பின்னால் வந்து, திரும்பி, மாந்தோப்புப் பாதையில் இறங்கியது. ஒலிபெருக்கியில் துணைவேந்தர், இந்தப் பேருந்து வெறும் பேருந்து அல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் முதல் வளைவு வரை கேட்டது. இரண்டாவது வளைவில் எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

பாலத்துக்குக் கிட்டே வந்தபோது விளக்கு வெளிச்சத்தில் காட்டுமாடு ஒன்று பாதையோரம் நின்றது. பஸ்சுக்குள் பேச்சு நின்றது. அது தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் தோப்புக்குள் இறங்கிப் போயிற்று. தேவி சன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மறைந்த பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

“அடுத்த வாட்டி பரிச்சை எப்ப?” என்று சோலையம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

“சித்திரையிலம்மா.”

“எழுது.”

மகாராஜன் படியிலேயே நின்றான். பின்னால் இடம் இருந்தது. “உள்ள வந்து உக்காரு அப்பு. நாளைக்கு எங்களக் கூட்டிட்டுப் போகணும்ல நீ” என்று சோலையம்மாள் கூப்பிட்டாள். அவன் வர்றேன்க்கா என்றான். ஆனாலும் உட்காரவில்லை.

குரங்கணி ஏற்றம் தொடங்கும்போது சுடலையின் சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

“அண்ணே, இயக்குநர்தான். நாளைக்கு என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்களாண்ணே?”

மகாராஜன் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“தூக்க மாட்டாங்கப்பு. தூக்கணும்னா கமிட்டி போடணும். கமிட்டி கூடி, கண்ண மூடி, தாளு ஒட்டி முடிக்கிறதுக்குள்ள இந்தப் பிள்ளைக அத்தனையும் டிகிரி வாங்கிரும். நீ கியரப் போடு. மேடு வருது.”